தாது வருடப் பஞ்சமும் தொலைநாட்டார் கொடையும்
தென்காசியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திற்குச் செல்வோர் சாரலை மட்டுமே காண்பர். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வரும் கணவாயின் வாயிலில் அவ்வூர் அமைந்திருத்தலால், நாட்டின் பிற பகுதிகள் வெயிலில் காயும்போதும் அங்கே அருவி விழுகின்றது. அருவிநீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியருகே தாமிரவருணியுடன் கலக்கின்றது. ஆனால் தென்காசியிலிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் பயணம் செய்து சங்கரன்கோவிலை அடைவோமாயின், சாரலின் சுவடே இல்லாத கரிசல் நிலம் நம்மை எதிர்கொள்ளும். அங்கே வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கம்பும் சோளமும் பருத்தியும் பொய்த்துவிடும். ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் அடங்கும் இவ்விரு நிலங்களும் ஓர் உண்மையை நமக்கு உணர்த்துகின்றன. பசி என்பது வானம் மட்டும் தருவதன்று. தண்ணீர் இருக்கும் இடத்திற்கும் இல்லாத இடத்திற்கும் இடையே மனிதர் அமைத்துள்ள வழிகளும் தடைகளும் அதனைத் தீர்மானிக்கின்றன.

மனிதகுலத்தின் ஒரு பகுதி பேரிடரில் சிக்கும்போது உலகம் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகின்றது என்னும் வினா இன்று நாள்தோறும் நம் செவிகளில் விழுகின்றது. 'சர்வதேச சமூகம்' என்னும் சொற்றொடர் நமக்குப் பழகிவிட்டது. அதன்மீது நம்பிக்கை இழப்பதும் பழகிவிட்டது. இவ்வினாவை நம் சொந்த மண்ணில் நிகழ்ந்த ஒரு பேரிடரின் வாயிலாக ஆராய்வது பயனுடையது எனக் கருதுகின்றோம். தொலைவில் நிகழ்வனவற்றைப் பற்றிப் பேசும்போது நாம் நீதிபதிகளாக அமர்ந்துவிடுகின்றோம். நம் பாட்டனார் காலத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது, உதவி பெற்றவர்களாகவும் உதவி மறுக்கப்பட்டவர்களாகவும் நாமே நிற்கின்றோம். அந்நிலையிலிருந்து பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

தாது, ஈஸ்வர ஆண்டுகள்

தமிழ்நாட்டு மக்கள் 'தாது வருடப் பஞ்சம்' எனக் குறிப்பிடுவது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தையாகும். தாது ஆண்டில் தொடங்கிய அத்துயரம் அடுத்து வந்த ஈஸ்வர ஆண்டிலும் தொடர்ந்தது. 1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 1877இன் கோடை கடந்தும் மழை உரிய காலத்தில் வரவில்லை. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி ஆகியவை ஒருங்கே பாதிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கர்னூல், கடப்பை, சேலம் போன்ற மாவட்டங்களே மிகக் கடுமையாகத் துன்புற்றன. தாமிரவருணிப் பாசனம் இருந்தமையால் திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதி அந்த அளவிற்குச் சீரழியவில்லை. எனினும் மாவட்டத்தின் வறண்ட வட்டங்களில் பசியும், அதனைப் பின்தொடர்ந்த வாந்திபேதியும் பல உயிர்களைக் கொண்டு சென்றன.

இறந்தோர் எத்தனை பேர் என்பதில் அன்றும் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என அரசின் பஞ்ச விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்டது. சுதேச சமஸ்தானங்களையும் சேர்த்து மதிப்பிட்டோர் இதனினும் பெரிய எண்களைத் தருகின்றனர். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் மக்கட்டொகை குறைந்திருந்தது என்பதே போதிய சான்று. பத்தாண்டுகளில் பிறந்த அனைவரும் சேர்ந்தும் இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை.

இப்பஞ்சம் எழுத்தில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிவகங்கைச் சீமையின் வில்லியப்பப் பிள்ளை பாடிய 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' அதனை நகைச்சுவையும் அங்கதமும் கலந்து பதிவு செய்தது. ஆனால் நெசவாளர் தெருக்களின் நினைவைப் பதிவு செய்தோர் அரியர்.

தறி நின்றபோது

தென்காசி, கடையநல்லூர், மேலப்பாளையம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் நெசவை நம்பி வாழ்ந்தவர்கள். ஞானப் பாடல்களால் தமிழுலகம் போற்றும் பீர் முஹம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்து, தக்கலையில் வாழ்ந்து, நெசவுத் தொழில் செய்தே உண்டார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. இத்தகைய தொழிலுக்கும் பஞ்சத்துக்கும் உள்ள தொடர்பு சற்று நுட்பமானது.

மழை பொய்த்ததும் முதலில் பாதிக்கப்படுபவர் உழவர் என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மையில் உழவனிடம் குதிரில் சிறிதளவு தானியமாவது எஞ்சியிருக்கலாம். நெசவாளியிடம் இருப்பது தறியும் துணியும் மட்டுமே. தானிய விலை ஏறும்போது குடும்பங்கள் முதலில் நிறுத்தும் செலவு புதுத்துணி. துணியின் விலை விழுகின்றது. அரிசியின் விலை உயர்கின்றது. ஒரு சேலைக்கு முன்பு கிடைத்த அரிசியில் பாதியும் கிடைப்பதில்லை. சந்தையில் அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும்போதே நெசவாளியின் வீட்டில் அடுப்பு அணைந்துவிடுகின்றது. பேராசிரியர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சமும் பற்றிய நூலில் விளக்கிய கோட்பாடு இதுவே. உணவு இல்லாமையைவிட, உணவைப் பெறும் உரிமை இல்லாமையே பெரும்பாலான பஞ்சங்களின் அடிப்படை. வியப்பு என்னவெனில், 1880ஆம் ஆண்டின் பஞ்ச விசாரணைக் குழுவும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தது. இந்தியப் பஞ்சங்கள் உணவுப் பஞ்சங்கள் என்பதைவிட வேலைப் பஞ்சங்கள் என்பதே பொருந்தும் என்பது அக்குழுவின் கணிப்பு.

அந்நாளில் தானியம் இருந்தது. அதனைக் கொண்டு செல்ல வழியும் இருந்தது. தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் இணைத்த இருப்புப்பாதை பஞ்சம் தொடங்கிய அதே 1876ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அரிசி கப்பலில் வந்தது. அதே காலத்தில் வட இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்திற்கு ஏற்றுமதியானது. 1877-78இல் ஏற்றுமதி 3 லட்சம் டன்னைத் தாண்டியது. இருப்புப்பாதை பசித்தவனிடம் தானியத்தைக் கொண்டு சேர்க்கும் என நம்பினர். அது விலை கொடுப்பவனிடமே கொண்டு சேர்த்தது. பாசன நிலத்து நெல்லையும் வெளியூர் விலையே நிர்ணயித்தது.

மேற்கே செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்தது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரையில் அந்நிலை நீடித்தது. எனவே தென்காசி எல்லையோர நகரமாகவே இருந்தது. பிழைப்புத் தேடுவோர்க்கு ஆரியங்காவுக் கணவாய் ஒரு வழி. தூத்துக்குடித் துறைமுகமும் இலங்கையின் காப்பித் தோட்டங்களும் மற்றொரு வழி. 1877ஆம் ஆண்டில் மட்டும் தமிழகத்திலிருந்து இலங்கை சென்றோர் ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர். இன்றைய சொல்லாட்சியில் அவர்களை நாம் அகதிகள் என்போம். அன்றைய ஏடுகள் அவர்களைக் கூலிகள் என்றே குறித்தன.

ஒரு ராத்தல் அரிசி

அரசின் எதிர்வினை எவ்வாறிருந்தது? 1873-74இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைப் பெருமளவில் வரவழைத்தார். உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக அவர் பாராட்டப்பெறவில்லை. அரசுப் பணத்தை வீணடித்தவர் எனக் கண்டிக்கப்பட்டார். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அதே டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். இம்முறை அவர் சிக்கனத்தின் வடிவாகவே வந்து சேர்ந்தார். விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டில்லியில் 1877 ஜனவரி 1ஆம் நாள் நடைபெற்று முடிந்திருந்த வேளை அது.

நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் அதனுடன் சிறு காசும் போதும் என டெம்பிள் விதித்தார். பெண்களுக்கும் சிறாருக்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைப்பவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்கள் கழித்துச் சென்னை அரசு இரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் அளவைச் சிறிதளவு பருப்புடன் ஏற்றுக்கொண்டது. அந்தச் சில மாதங்களின் விலை எத்தனை உயிர்கள் என்பதை நம்மால் கணக்கிட இயலாது. ஆயினும் ஒன்றைக் கூறலாம். முதல் பஞ்சத்தில் உயிரைக் காத்தவர் தண்டிக்கப்பட்டதால், இரண்டாம் பஞ்சத்தில் பணத்தைக் காத்தார். உதவி செய்வோரை எக்கணக்கால் அளக்கின்றோமோ அக்கணக்கிற்கு ஏற்பவே உதவி அமையும் என்னும் பாடம் இதில் உள்ளது.

இலண்டன் சென்ற தந்தி

இங்கே நம் பொருளின் மையத்திற்கு வருகின்றோம். 1877 ஆகஸ்ட் 4ஆம் நாள் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையில் நடந்த அக்கூட்டம், இங்கிலாந்து மக்களிடம் நேரடியாக உதவி கேட்பதெனத் தீர்மானித்தது. இலண்டன் மாநகரத் தலைவருக்குத் தந்தி பறந்தது. 1870ஆம் ஆண்டிலேயே கடலடித் தந்திக் கம்பி இந்தியாவை இலண்டனுடன் இணைத்துவிட்டிருந்தது. பஞ்சச் செய்தி மாதக்கணக்கில் கப்பலில் செல்ல வேண்டியதில்லை. எனினும் பஞ்சம் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னரே அத்தந்தி சென்றது. செய்தி செல்லும் வேகமும் மனம் இரங்கும் வேகமும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகின்றது.

வைஸ்ராய் லிட்டன் தொடக்கத்தில் இம்முயற்சியை விரும்பவில்லை. தனியார் கொடை வேண்டப்படுகின்றது என்றால் அரசு தன் கடமையைச் செய்யவில்லை என்பதே பொருளாகும் அன்றோ? ஆனால் மக்கள் தயங்கவில்லை. இலண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் தொடங்கப்பெற்ற நிதிக்குச் சில மாதங்களிலேயே 5 லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. மான்செஸ்டர் உள்ளிட்ட லங்காஷயர் நகரங்களும், ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் பங்களித்தன. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதற்காக எழுதினார். லங்காஷயரின் ஆலைத் துணிதான் நம் கைத்தறியை நலியச் செய்தது. அதே லங்காஷயரின் ஆலைத் தொழிலாளர்களும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். இதனை முரண் என்று மட்டும் கூறி நகர்ந்துவிட முடியாது. ஒரு நாட்டின் கொள்கை வேறு, அந்நாட்டு மக்களின் நெஞ்சம் வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நிதியைச் செலவிடும் குழுவின் செயலாளராக இருந்தவர் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி. அவர் 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இன்றும் ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்று. அரசு உயிர்காக்கும் உணவை அளிக்கட்டும். அரசின் விதிகளுக்குள் அடங்காதவர்களை நாம் கவனிப்போம் என்பதே குழுவின் நோக்கம். அனாதைக் குழந்தைகள், ஆடையற்றோர், மாடும் விதையும் இழந்த உழவர்கள் ஆகியோர்க்கு அப்பணம் சென்றது. மழை வந்தும் ஏர் பூட்ட மாடில்லாதவனுக்கு மாடு வாங்கக் கொடுத்தது அக்கொடையின் சிறப்பான பகுதி எனலாம். பசித்தவனைப் பிழைக்க வைப்பது ஒன்று. அவனை மீண்டும் தன் காலில் நிற்க வைப்பது பிறிதொன்று.

உலகின் கண் எங்கே இருந்தது?

அக்காலத்தில் உலகின் பார்வை எங்கே நிலைத்திருந்தது என்று பார்ப்பதும் இன்றியமையாதது. 1876 செப்டம்பரில் கிளாட்ஸ்டன் பல்கேரியப் படுகொலைகளைப் பற்றி எழுதிய சிறுநூல் இங்கிலாந்தையே உலுக்கியது. 1877 ஏப்ரலில் ரஷ்யா துருக்கியின்மீது போர் தொடுத்தது. சென்னையிலிருந்து தந்தி சென்ற அதே நாட்களில் இலண்டன் நாளேடுகளை நிரப்பியிருந்தது பிளெவ்னா முற்றுகைச் செய்தி. பேரரசுகளின் எதிர்காலம் பால்கனில் தீர்மானமாகிக் கொண்டிருந்தபோது, பெல்லாரியின் எலும்புக்கூடுகள் யார் கண்ணிலும் எளிதில் படவில்லை.

இங்கே நம் சமுதாயத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசக் கடமைப்பட்டுள்ளோம். அதே ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் இந்திய முஸ்லிம்கள் கூட்டங்கள் கூட்டி, துருக்கியின் காயமுற்ற வீரர்களுக்காகவும் போரால் அனாதையானோருக்காகவும் பெருந்தொகை திரட்டி இஸ்தான்பூலுக்கு அனுப்பினர். கிலாபத்தின் மீதிருந்த பற்றும், சகோதர உணர்வும் அதற்குக் காரணம். அது போற்றத்தக்க கொடை என்பதில் ஐயமில்லை. கடல் கடந்த சகோதரனின் துயரத்தைத் தன் துயரமாகக் கருதிய மக்கள் அவர்கள். ஆயினும் அதே வேளையில் தக்காணத்திலும் தமிழகத்திலும் தறியோரம் மடிந்தவர்களுக்காக அதே அளவு ஆர்வத்துடன் கூட்டங்கள் கூட்டப்பட்டனவா என்ற வினா எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. அண்டை வீட்டாரின் பசியைப் பற்றிய நபிமொழி நம் அனைவருக்கும் மனப்பாடம். அந்த அண்டை வீடு எங்கே தொடங்குகின்றது என்பதில்தான் நாம் அடிக்கடி தடுமாறுகின்றோம்.

உலகின் கண்ணில் படாத வேறு துயரங்களும் அன்று இருந்தன. அதே வறட்சி வடசீனத்தில் 1876 முதல் 1879 வரை தொண்ணூறு லட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாகாணம் பாலைவனமாயிற்று. பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை மாறுபாடாகிய 'எல் நினோ' இந்நாடுகள் அனைத்தையும் ஒரே காலத்தில் தாக்கியது என இன்று அறிவியல் கூறுகின்றது. அன்று ஒவ்வொரு நாடும் தன் பசி தனித்த பசி என்றே எண்ணியது.

போரில் காயமுற்றோர்க்கென 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை அமைப்பு தோன்றியிருந்தது. துருக்கி அரசு 1876இல் செம்பிறையைத் தன் அடையாளமாக அறிவித்து, அடுத்த ஆண்டுப் போரில் அதனைப் பயன்படுத்தியது. போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்கு ஓர் அனைத்துலக உடன்படிக்கை இருந்தது. பஞ்சத்தில் வீழ்ந்தவனுக்கு எவ்வுடன்படிக்கையும் இல்லை. அவன் ஆட்சியாளரின் கருணையையும் அயலாரின் கொடையையும் மட்டுமே நம்பியிருந்தான்.

கொடையின் நிழல்

பஞ்ச காலத்துப் படங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. சென்னைப் படையில் பணியாற்றிய ஹூப்பர் என்ற அதிகாரி எடுத்த நிழற்படங்கள் அவை. எலும்பும் தோலுமாய் வரிசையில் அமர்த்தப்பட்ட மனிதர்கள் நம்மை நோக்குகின்றனர். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இரக்கத்தை எழுப்பப் படம் வேண்டியிருந்தது; படத்தில் இருந்தவருக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. இந்த வழக்கம் இன்றும் மாறிவிட்டதாகக் கூற இயலாது.

திருநெல்வேலி மாவட்டத்தில் கிறித்தவ ஊழியர்கள் ஆற்றிய பசிப்பிணித் தொண்டையும் நாம் மறத்தலாகாது. மொழியறிஞர் கால்டுவெல் அவர்கள் இம்மாவட்டத்திலேயே வாழ்ந்து, கஞ்சியும் மருந்தும் கிடைக்க உழைத்தார். அந்த ஈராண்டுகளில் பல்லாயிரவர் அங்கே கிறித்தவம் தழுவினர். நன்றியுணர்வால் சேர்ந்தவர் உண்டு. சாதிக் கொடுமையினின்று மீள விரும்பிச் சேர்ந்தவர் உண்டு. பசியின் பொருட்டுச் சேர்ந்தவரும் உண்டு. அவர்கள் நெஞ்சை அளக்க நாம் யார்? கொடுப்பவன் எச்சமயத்தவன் ஆயினும், கொடைக்கும் கொள்கைக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. ஏழைக்கும் அனாதைக்கும் சிறைப்பட்டவனுக்கும், நன்றியோ கைம்மாறோ எதிர்பாராது உணவளிப்போரைத் திருமறை அத்தஹ்ர் அத்தியாயத்தில் புகழ்கின்றது. அன்றைய மதீனாவில் சிறைப்பட்டவர் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதவர் என்பதை விரிவுரையாளர்கள் சுட்டுவர். இவ்வளவுகோல் பிறர்க்கு மட்டுமன்று, நமக்கும் உரியது.

மானத்தைப் பற்றிய சிக்கலும் உண்டு. நிவாரண வேலைத்தலங்களில் கல்லுடைக்கவோ கால்வாய் வெட்டவோ வந்தால்தான் கூலி. தறியில் அமர்ந்தே பழகிய மெல்லிய கைகளுக்குச் சம்மட்டி பிடிக்க இயலுமா? கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் கஞ்சித்தொட்டியின் முன் வரிசையில் நிற்க இயலுமா? நெசவாளர்க்கு அவர்தம் தொழிலிலேயே வேலை தர வேண்டும், வெளிவர இயலாத பெண்டிர்க்கு இல்லத்திலேயே உதவி சேர்க்க வேண்டும் என்னும் நெறிகள் பின்னர் வந்த பஞ்ச விதித்தொகுப்புகளில் இடம்பெற்றன. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான குழு 1880இல் அறிக்கை அளித்தது. 1883இல் விதித்தொகுப்பு உருவாயிற்று. பஞ்சத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறிதல், வேலையளித்தல், இயலாதவர்க்கு இலவச உணவளித்தல் என வகுத்த அந்நெறிகளே பின்னாளில் உலகின் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயின. நம் மூதாதையர் உயிரைக் கொடுத்து உலகிற்கு அளித்த பாடம் அது.

அதன் மறுபக்கமும் உண்டு. எதிர்காலப் பஞ்சங்களைச் சமாளிக்க ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு 1878இல் அறிவித்து, அதற்கென வணிகர்மீதும் கைவினைஞர்மீதும் உரிம வரி விதித்தது. அவ்வாண்டே தொடங்கிய ஆப்கன் போர் அந்த நிதியின் ஒரு பகுதியை விழுங்கிற்று. பசித்தவன் பெயரால் திரட்டிய பணம் அயல்நாட்டுப் போருக்குச் சென்றது.

ஆமுர் ரமாதா

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஹிஜாஸ் பகுதியைத் தாக்கிய பஞ்சத்தை வரலாறு 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு என வழங்குகின்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அன்று மேற்கொண்ட நடவடிக்கைகளை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் மாகாண ஆளுநர்களுக்கு உடனே கடிதம் எழுதினார்கள். சாம் நாட்டிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் உணவேற்றிய ஒட்டகங்களுடன் முதலில் வந்து சேர்ந்தார்கள். மக்கள் வயிறார உண்ணும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை எனக் கலீஃபா உறுதி பூண்டார்கள். அவ்வாண்டின் ஜகாத் வசூல் ஒத்திவைக்கப்பட்டது. பசியால் திருடியவனுக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது.

இதனைப் பெருமைக்காக மட்டும் கூறவில்லை. இந்நிகழ்வில் நான்கு கூறுகள் அடங்கியுள்ளன. உதவியைக் கேட்க ஆட்சியாளர் வெட்கப்படவில்லை. கேட்டவுடன் தொலைநாட்டார் வந்தனர். வரி வசூலிப்பதும் தண்டிப்பதுமாகிய அரசின் கைகள் இரண்டும் தளர்த்தப்பட்டன. ஆள்பவர் பசித்தவரின் உணவைத் தாமும் உண்டார். நான்காவது கூறு தர்பார் நடத்திய டில்லியில் இல்லை. முதற்கூறும் அங்கே இல்லை. பின்னாளைய முஸ்லிம் அரசுகள் அனைத்தும் இந்நெறியில் நின்றன என்று நாம் வாதிடவுமில்லை.

நம் காலத்தில்

1876இலிருந்து நம் காலம் வரை எத்தனையோ அமைப்புகள் தோன்றிவிட்டன. ஆயினும் பழைய சிக்கல்கள் மாறு வேடத்தில் தொடர்கின்றன. 1943இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் அளவில் மடிந்தபோது, நேச நாடுகள் அமைத்த நிவாரண, மறுவாழ்வு அமைப்புக்கு இந்தியாவும் நிதி அளித்தது. ஆனால் அதன் உதவி எதிரிகளிடமிருந்து மீட்கப்பட்ட நாடுகளுக்கே உரியது எனக் கூறப்பட்டதால் வங்காளம் பயன்பெறவில்லை. கொடுத்தவனாக இருந்தும் பெறுபவனாக ஏற்கப்படவில்லை.

நமக்கு மிக அருகில், கடலுக்கு அப்பால், 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்தினின்று சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்து வன்னியிலிருந்து பல லட்சம் மக்கள் இடம்பெயர்ந்தபோது, உலக அமைப்புகளின் கவனம் இயல்பாகவே அவர்கள்பால் சென்றது. அவர்தம் துயரம் அளவிடற்கரியது. ஆனால் இருபதாண்டாக முகாமில் இருந்தோர் 'பழைய' இடம்பெயர்ந்தோர் என வகைப்படுத்தப்பட்டு வரிசையில் பின்தள்ளப்பட்டனர். துயரத்திற்கும் பழையது, புதியது என்னும் முத்திரை உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

2011 ஜூலையில் சோமாலியாவில் பஞ்சம் என ஐக்கிய நாடுகள் அவை முறைப்படி அறிவித்தது. அப்பஞ்சத்தில் மாண்ட சுமார் 2,58,000 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த அறிவிப்பிற்கு முன்பே இறந்துவிட்டனர் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக அனைத்துலக உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டு அமைப்பு உறுதி செய்தது. உணவு லாரிகள் எல்லையில் காத்திருக்கும்போதே உள்ளே பஞ்சம். 1877இல் சந்தையில் அரிசி இருந்தது, வாங்க வழியில்லை. 2025இல் எல்லையில் மாவு இருந்தது, நுழைய வழியில்லை. இரண்டிலும் பசியை உண்டாக்கியது மனிதர் எடுத்த முடிவே.

மீண்டும் தென்காசிக்கு

பஞ்சத்திற்குப் பின்னைய தலைமுறைகளில் தென்காசி, கடையநல்லூர் மக்கள் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். தறி காக்கத் தவறியபோது கடல் கடந்த உழைப்பு காத்தது. அங்கே அவர்கள் முதலில் செய்தவற்றுள் ஒன்று சங்கம் அமைத்தல். 1941இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்ததும் 1946இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. தென்காசியாரும் தமக்கெனச் சங்கம் கண்டனர். நோயுற்றவனைக் கவனித்தல், இறந்தவனை அடக்குதல், பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் ஆகியன இத்தகைய சங்கங்களின் இயல்பான பணிகள். பேரரசின் கொடை வரும் வரை காத்திருக்க இயலாது என்பதைப் பட்டறிந்த ஊர்களின் மரபு இது என நாம் கருதுகின்றோம்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறத்தக்கவை சில. உதவி காலத்தே வர வேண்டும். அறிவிப்புக்காகக் காத்திருத்தல் கூடாது. உதவி மானத்தைக் காக்க வேண்டும். நெசவாளியிடம் சம்மட்டியைக் கொடுத்தல் உதவியாகாது. படம் இல்லாத துயரத்தையும் தேடிச் செல்ல வேண்டும். இவற்றை உலக அவைகளிடம் கோருவதற்கு நமக்கு உரிமையுண்டு. அதே கோரிக்கையை நம் ஊர் பைத்துல்மாலிடமும் வக்ஃப் நிர்வாகத்திடமும் வைப்போமா என்பதே வினா. காஸாவிற்காக ஜும்ஆவில் கையேந்தி அழும் நாம், நம் தெருக்கோடியில் பீடி சுற்றும் விதவையின் அரிசிப் பானையை எப்போது எட்டிப் பார்த்தோம்? ஒன்றைச் செய்வது மற்றொன்றை விடுவதற்குக் காரணமாகாது. 1877இல் இஸ்தான்பூலுக்கு அனுப்பியது தவறன்று. அத்துடன் நிறுத்திக்கொண்டிருந்தால் அதுவே தவறு.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்தின் வரலாறு எழுதப்பெறும் காலம் இது. கோயிற் கோபுரமும் குற்றால அருவியும் பொதிகை மலையும் அதில் இடம்பெறும்; இடம்பெறவும் வேண்டும். அவற்றோடு தாது வருடத்தில் தறி நின்ற தெருக்களுக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். ஊரின் முதியோரிடம் எஞ்சியுள்ள பஞ்சக் கதைகளையும், பழைய பள்ளிவாசல் கணக்கேடுகளையும், கடல் கடந்தவர் எழுதிய கடிதங்களையும் திரட்டும் பணியை நம் கல்லூரி மாணவர்கள் மேற்கொள்ளலாம். அந்தப் படங்களில் வரிசையாக அமர்ந்திருந்தவர்களின் பெயர்கள் இனிக் கிடைக்கமாட்டா. நம் தெருக்களில் மடிந்தவர்களின் பெயர்களில் சிலவேனும் கிடைக்கக்கூடும்.